எட்டும் எட்டும் நாலு: பேஸ் காம்போவுக்கு இன்னொரு பாக்ஸ்

வாசகர் கேள்வி, 2023 ஜூன் 2

அண்ணா, பேஸ் கிட்டாருக்கு ஃபெண்டர் ரம்பிள் 500 காம்போ (ஆம்ப்பும் பத்து இன்ச் ஸ்பீக்கர் இரண்டும் ஒரே பெட்டியில்) வைத்திருக்கிறேன். சர்ச்சில் வாசிக்க அது போதும். வெளியே ஆர்க்கெஸ்ட்ராவுக்குப் போனால் டிரம்ஸ் பக்கத்தில் நிற்க வேண்டியிருக்கிறது, என் பேஸ் எனக்கே கேட்பதில்லை. ஆம்ப்பின் பின்னால் இன்னொரு ஸ்பீக்கர் பாக்ஸ் போட ஒரு ஜாக் இருக்கிறது. பத்து இன்ச் ஸ்பீக்கர் நாலு உள்ள பழைய கேபினெட் ஒன்று விலைக்கு வந்திருக்கிறது, 4 ஓம் என்கிறார்கள். என்னுடையது 8 ஓம். போடலாமா? அப்புறம், 500 வாட்ஸ் என்றுதானே வாங்கினேன், இப்போதே 500 வரவில்லையா?

ஜூன் 2, இரவு 11.10

போடாதீர்கள் தம்பி. 8 ஓமுடன் 4 ஓமைச் சேர்த்தால் 12 ஆகாது, நடுவாந்திரமாக 6-ம் ஆகாது, 2.67 ஆகும். உங்கள் ஆம்ப் 4 ஓமுக்குக் கீழே இறங்கக் கூடாது.

பின்னால் இருக்கிற ஜாக், உள்ளே இருக்கிற ஸ்பீக்கருக்குப் பக்க இணைப்பில் போகிறது. பத்தாம் வகுப்பில் பக்க இணைப்பு, தொடர் இணைப்பு என்று ஒரு கணக்கு போட்டோமே, இதெல்லாம் எங்கே உதவப்போகிறது என்று வாத்தியாரிடம் கேட்டோமே, இங்கேதான். இரண்டு ஓமையும் பெருக்கி, இரண்டையும் கூட்டி வந்த எண்ணால் வகுக்க வேண்டும். எட்டும் எட்டும் என்றால் 64-ஐ 16-ஆல் வகுத்து 4. அதாவது பாக்ஸைச் சேர்க்கச் சேர்க்க ஓம் குறையும், ஆம்ப் தள்ள வேண்டிய கரன்ட் கூடும். உங்களுக்கு வேண்டியது 8 ஓம் பாக்ஸ், அதுவும் ஒன்றே ஒன்று.

500 விஷயம்: காம்போ தனியாக இருக்கும்போது 350 தான். 8 ஓம் பாக்ஸ் ஒன்று சேர்ந்து மொத்தம் 4 ஓம் ஆன பிறகுதான் 500. கையேட்டைப் பாருங்கள், இருக்கும்.

ஜூன் 2, இரவு 11.35

ஒன்றை விட்டுவிட்டேன். வயர் எதுவாக இருந்தாலும் பரவாயில்லை, சின்ன நீளம்தானே, கிட்டார் கார்டையே சொருகிக்கொள்ளலாம். தூங்கப் போகிறேன்.

ஜூன் 3, காலை 6.50

மேலே எழுதியது தப்பு. எழுந்ததும் முதலில் அதுதான் ஞாபகம் வந்தது. கிட்டார் கார்டு போடவே கூடாது. ஏன் என்று அப்புறம் எழுதுகிறேன், இப்போது வேலைக்குக் கிளம்ப வேண்டும். அதற்குள் யாரும் சொருகிவிடாதீர்கள்.

ஜூன் 3, இரவு 9.20

ஓம் கணக்கில் நான் ஏன் இவ்வளவு கறாராக இருக்கிறேன் என்று ஒருவர் கேட்டிருக்கிறார். சொல்கிறேன், வெட்கமாகத்தான் இருக்கிறது.

கல்லூரி முடித்த புதிதில் கல்யாணக் கச்சேரிகளுக்கு வாசித்துக்கொண்டிருந்தேன். என்னிடம் இருந்தது ஒரு பழைய டிரான்சிஸ்டர் காம்போ. பின்னால் எக்ஸ்டென்ஷன் ஜாக்கே கிடையாது. ஜாக் இல்லை என்பதே ஒரு பதில் என்று அப்போது எனக்குத் தெரியவில்லை. பின்பலகையைக் கழற்றி, உள்ளே ஸ்பீக்கருக்குப் போகிற இரண்டு வயரோடு இன்னும் இரண்டு வயரை முறுக்கி, இன்சுலேஷன் டேப் சுற்றி, வெளியே இழுத்து, குழுவில் சும்மா கிடந்த ஒரு பதினைந்து இன்ச் பாக்ஸில் கொடுத்தேன். முதல் பாட்டு அமர்க்களம். கீபோர்டு வாசிக்கிறவர் திரும்பிப் பார்த்துத் தலையாட்டினார். நான் வானத்தில் இருந்தேன்.

மூன்றாவது பாட்டில் ஒரு வாசனை. சாப்பாட்டுக் கூடத்தில் ஏதோ அடிப்பிடித்துவிட்டது என்று நினைத்தேன். அப்புறம் பேஸ் கரகரவென்று ஆகி, சரணத்துக்கு நடுவே நின்றுவிட்டது. பின்பலகைப் பக்கம் கை வைத்தால், இஸ்திரிப் பெட்டியைத் தொட்ட மாதிரி. மீதிக் கச்சேரி முழுக்க கீபோர்டுக்காரர் இடது கையில் பேஸ் வாசித்தார். நான் கிட்டாரை மாட்டிக்கொண்டு கையை அசைத்துக்கொண்டிருந்தேன், வீடியோக்காரர் அதையும் எடுத்தார்.

உள்ளே ஸ்பீக்கர் 4 ஓம், வெளியே பாக்ஸும் 4 ஓம். ஆம்ப்புக்குத் தெரிந்தது 2 ஓம். அவுட்புட்டில் இருந்த 2என்3055 டிரான்சிஸ்டர் இரண்டும் போயிருந்தன. சரிசெய்து கொடுத்தவர் 1,800 ரூபாய் வாங்கிக்கொண்டு, "ஸ்பீக்கர் போகலியே, அதுக்கு சந்தோஷப்படு தம்பி" என்றார். அவர் சொன்னதன் பொருள் பின்னால்தான் விளங்கியது. இந்த மாதிரி ஆம்ப்பில் அவுட்புட் டிரான்சிஸ்டர் ஷார்ட் ஆகிப்போனால் டிசி, அதாவது ஒரே திசையில் ஓடுகிற கரன்ட், நேராக ஸ்பீக்கர் காயிலுக்குப் போகும், காயில் கருகிவிடும்.

ஜூன் 3, இரவு 9.45

இப்போது வருகிற கிளாஸ் டி என்கிற எடை குறைந்த வகை ஆம்ப்களில் பாதுகாப்புச் சுற்று இருக்கும், ஓம் குறைந்தால் தானே அணைந்துவிடும் என்று ஒருவர். அணையலாம். கச்சேரி நடுவில் அணைவதும் கருகுவதும் கேட்கிறவர்களுக்கு ஒன்றுதான்.

ஜூன் 5, மாலை 7.05

கிட்டார் கார்டு. நேற்று வீட்டில் கெட்டுப்போன ஒன்றை வெட்டிப் பார்த்தேன், பசங்களும் கூட உட்கார்ந்து பார்த்தார்கள். மேலே தடித்த ரப்பர், அதற்குள் வலை மாதிரி பின்னிய செம்பு, அதற்குள் கறுப்பாக ஒரு மெல்லிய உறை, அதற்குள் வெள்ளை இன்சுலேஷன், கடைசியாக நட்டநடுவில் தலைமுடிக் கற்றை போல சில இழைகள். வெளியே சுண்டுவிரல் தடிமன், உள்ளே இவ்வளவுதான். கிட்டாரின் பிக்கப்பிலிருந்து மில்லிவோல்ட் கணக்கில் வருகிற சிக்னலுக்கு அது போதும், இரைச்சல் புகாமல் இருக்கத்தான் அந்த வலை. ஸ்பீக்கருக்குப் போகிறது 50 வோல்ட், பல ஆம்பியர். அந்த இழை சூடாகும், உறை இளகும், நடு இழையும் வலையும் தொட்டுக்கொண்டால் ஷார்ட். அப்புறம் 1,800 ரூபாய், இன்றைய விலைக்கு இன்னும் கூட.

ஸ்பீக்கருக்கு எலெக்ட்ரிகல் கடையில் கிடைக்கிற 1.5 சதுர மில்லிமீட்டர் இரட்டை வயரே போதும். 2.5 போட்டால் நிம்மதி, ஆனால் பிளக்குக்குள் நுழைக்க மல்லுக்கட்ட வேண்டும். இரண்டு மீட்டர் நீளத்துக்கு 1.5 வயரின் தடை, போய் வருவதைச் சேர்த்துமே சுமார் 0.05 ஓம்தான். ஆயிரக்கணக்கில் விலை போட்டு விற்கிற ஸ்பீக்கர் கேபிளில் என்ன இருக்கிறது என்று கேட்காதீர்கள், சண்டை வரும்.

முனையில் ஸ்பீக்கான் போடுங்கள். 1987-இல் நியூட்ரிக் கொண்டுவந்த திருகிப் பூட்டுகிற பிளக், நீல வளையத்தோடு பார்த்திருப்பீர்கள், ரிச்சி தெருவில் கேட்டால் எடுத்துக் கொடுப்பார்கள். கால் இன்ச் ஜாக்கில் என்ன கஷ்டம் என்றால், ஆம்ப் ஓடும்போது பாதி சொருகினாலோ பாதி உருவினாலோ முனையும் உடம்பும் ஒரு நொடி சேர்ந்துவிட வாய்ப்பு உண்டு. காலில் தட்டினாலும் கழன்றுகொள்ளும். ஸ்பீக்கானில் உள்ளே விரல்கூடப் படாது. 1 கூட்டல், 1 கழித்தல் என்று குறித்த இரண்டு முனைகளில் மட்டும் வயரைக் கொடுங்கள், 2 என்று போட்டவற்றை விட்டுவிடுங்கள்.

எந்த பிளக்காக இருந்தாலும் ஆம்ப்பை அணைத்துவிட்டுச் சொருகுங்கள். எனக்குச் சொல்லிக் கொடுத்த ரிப்பேர்காரர் இதை மட்டும் மூன்று தடவை சொன்னார்.

ஜூன் 6, இரவு 10.30

350, 500 பற்றி முதல் நாள் எழுதியதைத் திரும்பப் படித்தேன். 150 வாட்ஸ் கூடுதலாகக் கிடைக்கும், அதற்காகவே பாக்ஸ் வாங்கலாம் என்கிற மாதிரி தொனித்துவிட்டது. உட்கார்ந்து கணக்குப் போட்டேன்.

350-இலிருந்து 500-க்குப் போனால் கூடுவது ஒன்றரை டெசிபல். காதை வைத்துக் கண்டுபிடிக்க வேண்டும். சத்தம் இரண்டு மடங்காகக் கேட்க வேண்டுமானால் பத்து மடங்கு வாட்ஸ் வேண்டும் என்பார்கள், அந்தக் கணக்கில் 150 வாட்ஸ் என்பது ஊறுகாய்.

அப்படியானால் பாக்ஸ் சேர்த்ததும் ஆள் அசந்துபோகிற அளவுக்கு வித்தியாசம் தெரிகிறதே, அது எங்கிருந்து வருகிறது? கோனின், அதாவது ஸ்பீக்கரில் முன்னும் பின்னும் அசைகிற கூம்பின், பரப்பிலிருந்து. பத்து இன்ச் இரண்டு நாலாகும்போது தள்ளப்படுகிற காற்று கூடுகிறது. பக்கத்துப் பக்கத்தில் நிற்கிற ஸ்பீக்கர்கள் கீழ்ச் சுரங்களில் ஒன்றுக்கொன்று கைகொடுக்கும், அதே வாட்ஸிலேயே அதில் மட்டும் 3 டெசிபல் கிடைக்கும். ஆக மொத்தம் நாலரை. இன்னொன்றையும் பாருங்கள்: முன்னே 350 வாட்ஸை இரண்டு ஸ்பீக்கர் பங்கு போட்டன, ஆளுக்கு 175. இப்போது 500-ஐ நாலு பங்கு போடுகின்றன, ஆளுக்கு 125. சத்தம் கூடியது, ஒவ்வொரு ஸ்பீக்கரின் பாரமும் குறைந்தது. நாலாவது கம்பியைத் திறந்து அடிக்கும்போது, அது 41 ஹெர்ட்ஸ், கோன் மூச்சு வாங்குகிற மாதிரி ஒரு சத்தம் வருமே, அது குறைவது இதனால்தான்.

எனவே வாட்ஸை மறந்துவிடுங்கள், கோனை எண்ணுங்கள்.

ஜூன் 6, இரவு 10.50

மறந்துவிடுங்கள் என்றது கொஞ்சம் அதிகம். பாக்ஸ் தாங்குகிற வாட்ஸைப் பார்க்கத்தான் வேண்டும். அது வேறு கதை, வருகிறேன்.

ஜூன் 8, மதியம் 1.15

"வால்வு ஆம்ப்பில் ஓம் குறைந்தால் பரவாயில்லை, கூடினால்தான் ஆபத்து, நீங்கள் தலைகீழாகச் சொல்கிறீர்கள்" என்று ஒரு நண்பர் சற்றுக் கோபமாக. நான் சொன்னது டிரான்சிஸ்டர் ஆம்ப்புக்கு. வால்வு என்பது டிரான்சிஸ்டருக்கு முந்தைய கண்ணாடிக் குழாய். டிரான்சிஸ்டர் ஆம்ப் ஸ்பீக்கரே இல்லாமல் சும்மா ஓடினாலும் பொதுவாக ஒன்றும் ஆகாது. வால்வு ஆம்ப்பில் ஸ்பீக்கரைக் கழற்றிவிட்டு வாசித்தால் அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மரில் வோல்டேஜ் எகிறி உள்ளே பொறி தட்டும். அங்கே ஆம்ப் எதிர்பார்க்கிற ஓமும் பாக்ஸின் ஓமும் பொருந்த வேண்டும், அதனால்தான் 4, 8, 16 என்று தனித்தனி ஜாக்கோ சுவிட்ச்சோ வைத்திருப்பார்கள்.

ஆம்பெக் எஸ்விடி இதற்கு நல்ல உதாரணம். 1969-இல் வந்தது, 300 வாட்ஸ் வால்வு ஆம்ப். பத்து இன்ச் எட்டு உள்ள கேபினெட் இரண்டு அதற்கு ஜோடி. ஒவ்வொன்றும் 4 ஓம், இரண்டும் சேர்ந்தால் 2. பின்னால் 2, 4 என்று மாற்றிக்கொள்ள வசதி. ஒரு பேஸுக்குப் பதினாறு ஸ்பீக்கர். அதே கம்பெனி 1960-இல் விட்ட பி-15 பதினைந்து இன்ச் ஒன்றோடு வெறும் 25 வாட்ஸ், அதை வைத்தே எத்தனையோ ரெக்கார்டிங் நடந்திருக்கிறது. நம் ஊர் மண்டபத்துக்கு எது வேண்டும் என்று கேட்டால், எஸ்விடியை மாடிப்படியில் ஏற்றியவனிடம் கேளுங்கள் என்பேன்.

ஜூன் 10, இரவு 11.55

இன்று கச்சேரி. வந்ததும் எழுதுகிறேன், காது இன்னும் ஙொய் என்கிறது.

என் காம்போவைத் தரையில் வைத்திருந்தேன், வழக்கம் போல எனக்கே கேட்கவில்லை. வால்யூமைக் கூட்டினேன். மிக்சரில் இருந்தவர் கையாலேயே குறை குறை என்றார், அவருக்கு அங்கே பேஸ் அலைமோதுகிறது. இந்தக் கேள்வி ஞாபகம் வந்தது. இரண்டு பிளாஸ்டிக் நாற்காலியை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி அதன்மேல் காம்போவை ஏற்றினேன். தெளிவாகக் கேட்டது. வால்யூம் முன்பு இருந்ததில் பாதி.

மேடையில் அடிச்சத்தம் எல்லாப் பக்கமும் பரவும், ஆனால் எந்தச் சுரம் என்று காட்டிக்கொடுக்கிற நடுச்சத்தமும் மேல்சத்தமும் ஸ்பீக்கர் பார்க்கிற திசையில் நேராகப் போகும். இத்தனை வருஷமாக நான் என் முழங்காலுக்கு வாசித்துக்கொண்டிருந்தேன். முழங்காலுக்குக் காது இல்லை.

தம்பி, பாக்ஸ் வாங்கும் முன் ஒரு கச்சேரி நாற்காலியில் வைத்துப் பாருங்கள். தரையை விட்டு ஏறினால் அடிச்சத்தம் கொஞ்சம் மெலியும், அது நல்லதற்கே. நாற்காலி ஆடாமல் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள், என்னுடையது கடைசிப் பாட்டில் நகர ஆரம்பித்தது, ஒரு காலை முட்டுக்கொடுத்துக்கொண்டு வாசித்தேன்.

ஜூன் 11, காலை 8.10

அப்படியானால் பாக்ஸே வேண்டாம் என்கிறீர்களா என்று கேள்வி. இல்லை. காம்போவின் மேல் இன்னொரு பாக்ஸ் என்று செங்குத்தாக அடுக்கினால், மேலே இருப்பது தானாகக் காது உயரத்துக்கு வந்துவிடும். பாதிப் பேர் பாக்ஸ் சேர்த்ததும் நன்றாக இருக்கிறது என்று சொல்வதற்கு வாட்ஸும் இல்லை, நான் அன்று அளந்துகொடுத்த டெசிபலும் இல்லை, இந்த உயரம்தான் காரணமோ என்று இப்போது சந்தேகமாக இருக்கிறது. பக்கத்தில் பக்கத்தில் படுக்கவைத்தால் மேல்சத்தம் சில இடங்களில் சேர்ந்தும் சில இடங்களில் அடிபட்டும் போகும், ஓர் அடி நகர்ந்தால் டோன் மாறும். அடுக்குங்கள்.

ஜூன் 14, இரவு 8.40

தம்பி அந்தப் பழைய கேபினெட்டை நேரில் பார்க்கப் போயிருக்கிறார். விற்கிறவர் இப்போது மாற்றி, "8 ஓம்தான், முதலில் தெரியாமல் சொல்லிவிட்டேன்" என்கிறாராம். மல்டிமீட்டர் எடுத்துப் போகச் சொன்னேன். வயரை மட்டும் பாக்ஸில் சொருகி, மறுமுனையில் மீட்டரின் இரண்டு ஊசியை வைத்தால் போதும், பாக்ஸைப் பிரிக்கத் தேவையில்லை. மீட்டர் காட்டுவது டிசி தடை, பெயரளவு ஓமைவிடக் குறைவாகத்தான் இருக்கும். 8 ஓம் பாக்ஸ் ஐந்தரையிலிருந்து ஆறரைக்குள் காட்டும், 4 ஓம் என்றால் மூன்றிலிருந்து மூன்றரை.

3.3 காட்டியதாம். வாங்காமல் திரும்பிவிட்டார். அந்த மீட்டரின் விலை என்ன, அது மிச்சப்படுத்தியது என்ன.

ஜூன் 14, இரவு 9.00

இதே பத்து இன்ச் நாலு கேபினெட் 8 ஓமிலும் வருகிறது. அளவைப் பார்த்து ஓமை ஊகிக்க முடியாது.

ஜூன் 19, இரவு 10.15

தம்பியின் சர்ச்சில் உபயோகமில்லாமல் கிடந்த பதினைந்து இன்ச் பாக்ஸ் ஒன்றைக் கொடுத்திருக்கிறார்கள். மீட்டரில் 5.9. 8 ஓம், சரி. பாக்ஸ் பின்னால் 150 வாட்ஸ் என்று இருக்கிறதாம். நான் வேறு கதை என்று தள்ளிப்போட்டது இங்கே வந்துவிட்டது.

வாட்ஸ் பங்கு போவது கோன் கணக்கில் இல்லை, ஓம் கணக்கில். காம்போவின் பத்து இன்ச் இரண்டும் சேர்ந்து 8 ஓம், இந்தப் பதினைந்து இன்ச் ஒன்றே 8 ஓம். ஆக 500-இல் பாதி இங்கே, பாதி அங்கே. அங்கே 250-ஐ இரண்டு பேர் சுமக்கிறார்கள், இங்கே ஒற்றை ஆள், அதுவும் 150 தாங்குகிறவர். முழுசாகத் திறந்தால் காயில் போகும். மாஸ்டர் வால்யூமைப் பாதியைத் தாண்ட விடாதீர்கள், பேஸ் கன்ட்ரோலை மேலே தூக்காதீர்கள். ஸ்பீக்கரில் இருந்து பட் பட் என்று சத்தம் வந்தால் அது டோன் இல்லை, கெஞ்சல்.

(8-உம் 4-உம் சேர்த்திருந்தால் 4 ஓம் பக்கம் இரண்டு மடங்கு வாங்கியிருக்கும். குறைந்த ஓம்காரர்தான் பந்தியில் அதிகம் சாப்பிடுவார்.)

ஜூன் 21, இரவு 9.30

போட்டுப் பார்த்திருக்கிறார். "அண்ணா, இரண்டும் சேர்ந்தால் பேஸ் குறைகிறது. தனித்தனியாக நன்றாக இருக்கிறது."

கேட்டவுடன் தெரிந்துவிட்டது, பாக்ஸுக்குள் கூட்டலும் கழித்தலும் மாறியிருக்கிறது. ஒரு கோன் முன்னே தள்ளும்போது இன்னொன்று பின்னே இழுக்கிறது, காற்று அங்கேயே அடித்துக்கொள்கிறது. ஆம்ப்பிலிருந்து வயரைக் கழற்றிவிட்டு, அதன் முனையில் பென்சில் பேட்டரி ஒன்றைத் தொட்டுத் தொட்டு எடுக்கச் சொன்னேன். பேட்டரியின் கூட்டல் முனை வயரின் கூட்டலில் பட்டால் கோன் வெளியே வர வேண்டும். ஒன்றரை வோல்ட்டுக்கு அசைவு துளிதான், ஆனால் விரல் நுனியைக் கோனில் மெல்ல வைத்துக்கொண்டால் தெரியும், தக் என்று ஒரு சின்னச் சத்தமும் கேட்கும்.

உள்ளே போனதாம். முன்வலையைக் கழற்றிப் பார்த்தால் எப்போதோ யாரோ ஸ்பீக்கர் மாற்றியபோது சிவப்பையும் கறுப்பையும் மாற்றிப் பற்றவைத்திருக்கிறார்கள். இரண்டு வயரையும் இடம் மாற்றினார்.

ஜூன் 22, காலை 7.20

இடையில் இன்னொருவர்: தன் காம்போவில் பாக்ஸைச் சொருகியதும் உள் ஸ்பீக்கர் நின்றுவிடுகிறதாம், கெட்டுவிட்டதா என்று பயப்படுகிறார். கெடவில்லை, சில காம்போவில் ஜாக்கே அப்படி, சொருகினால் உள்ளே இருப்பதைத் துண்டித்துவிடும். அங்கே கணக்கே வேறு, வெளிப் பாக்ஸ் மட்டும்தான் சுமை. எந்த வகை என்று சந்தேகமாக இருந்தால் உள் ஸ்பீக்கரின் வலைக்கு முன்னால் ஒரு துண்டுக் காகிதத்தைத் தொங்கவிட்டுத் தாழ்ந்த சுரம் ஒன்றை வாசியுங்கள், ஆடுகிறதா பாருங்கள்.

இன்னும் ஒருவர் ஹெட்ஃபோன் ஜாக்கிலிருந்து பாக்ஸுக்கு வயர் கொடுத்தால் சத்தமே இல்லை என்கிறார். இருக்காதுங்க.

ஜூன் 25, இரவு 9.50

தம்பி இன்று ஆராதனையில் அடுக்கி வாசித்திருக்கிறார், கீழே பதினைந்து, மேலே காம்போ. மாஸ்டர் மூன்றில். டிரம்ஸ் வாசிக்கிற பையன் முதல் தடவையாக அவரைப் பார்த்துச் சத்தத்தைக் குறைக்கச் சொன்னானாம். படம் அனுப்பியிருக்கிறார். இரண்டுக்கும் நடுவே ஆறு மீட்டர் வயர் பாம்பு மாதிரி சுருண்டு கிடக்கிறது.

தம்பி, ஒன்றரை மீட்டர் போதும். மிச்சத்தை வெட்டி வைத்துக்கொள்ளுங்கள், அடுத்த பிளக்குக்கு ஆகும்.